வங்கியில் இருக்கும் போன் எண் யாருடையது?

கேள்வி: அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுசீந்திரம் பக்கம் வீடு. மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். இங்கே நான், மனைவி, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். சாமான் வாங்குவதும் படம் பார்ப்பதும் இப்போது இணையத்தில்தான். மனைவி குழித்துறைக்காரி, மலையாளப் படம் ஓடினால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். என் ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதாமாதம் 149, 299 என்று சிறு தொகைகள் போய்க்கொண்டிருப்பது பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது. வங்கியிலிருந்து எனக்குக் குறுஞ்செய்தி எதுவும் வருவதில்லை. கணக்கில் மகனுடைய பழைய இந்திய எண்தான் இருக்கிறது. போன மாதம் மனைவி, போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 899 ரூபாய்க்குப் பருத்திச் சேலை வரவழைத்தாள். பணம் கொடுத்துப் பார்சலைப் பிரித்தால் ஏதோ நைலான் துணி. விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. வாங்கவும் பார்க்கவும் நம்பகமான இணையதளங்கள் இரண்டு மூன்றைச் சொல்லுங்கள். வேறெதையும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுகிறேன். பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்கிறான் மகன், அது சரியா? பேரப்பிள்ளைகள் டிவியில் ஏதேதோ பார்க்கிறார்கள். அதற்கும் ஒரு வழி வேண்டும்.

பதில்: அன்புள்ள அண்ணாச்சி,

சேலையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் பயப்பட வேண்டிய விஷயத்தை அரை வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள்: கணக்கில் மகனுடைய பழைய எண்தான் இருக்கிறது என்கிறீர்களே, அதுதான். எந்த இணையதளம் நல்லது என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் அசைந்தாலும் அந்தச் செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. ஒருமுறைக் கடவுச்சொல் என்று வரும் ஓடிபி அங்கேதான் போகிறது. மாதச் சந்தாவைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடுகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் தர வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள் நிறுத்தலாம். வங்கி ஒழுங்காகத் தகவல் அனுப்பியிருக்கும். ஆனால் அது மஸ்கட்டில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் சிம்முக்குப் போயிருக்கும்.

அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். அழைப்போ செய்தியோ இணையமோ இல்லாமல் 90 நாள் கிடந்தால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. துண்டித்த எண்ணைச் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி நடந்தால் உங்கள் ஓய்வூதியக் கணக்கின் ஓடிபி, முகம் தெரியாத ஒருவருடைய போனில் வந்து விழும். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குப் பத்து உண்டு. அவற்றில் பல வீடுகளில் இதே நிலைமைதான். பிள்ளை புறப்படுமுன் அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறான், அதோடு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே பாஸ்புக்கையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு நீங்களே கிளைக்குப் போய், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் எண்ணைக் கணக்கில் மாற்றுங்கள். ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்பதையும் பாருங்கள்; அதுவும் மகனுடையது என்றால் ஆதார் மையத்தில் மாற்றிவிடலாம். மருமகளை அனுப்ப வேண்டாம். கையெழுத்துக்கு எப்படியும் நீங்கள் போக வேண்டியிருக்கும்.

இனி அந்த 149, 299. எனக்கு இதில் திருட்டு நடந்ததாகத் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன். யுபிஐ செயலியில் ஒரு கணக்கைச் சேர்க்க வேண்டுமானால், வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அந்த போனில் இருக்க வேண்டும். ஏடிஎம் அட்டை வழியாகச் சந்தா கட்டியிருந்தால், முதல் முறை ஓடிபி போட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் மகனுடைய எண் வேண்டும். ஆக, ஊருக்கு வந்திருந்தபோது உங்கள் மகனோ, அல்லது அவனிடம் போனில் ஓடிபியைக் கேட்டு வாங்கிய பேரப்பிள்ளையோ இதைத் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். 149 ரூபாய் என்பது நெட்ஃபிளிக்ஸின் கைபேசித் திட்டத்தின் மாதக் கட்டணமும்கூட. பாஸ்புக்கில் பெயர் சுருக்கமாகத்தான் விழும். கிளையில் விரிவான கணக்கு அறிக்கை கேட்டால் யாருக்குப் போனது என்று வரிவரியாகத் தெரியும். அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். வீட்டில் யாரையும் அதட்டுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

மகன் தனக்குத் தெரியாது என்று சொல்லும் வரி ஏதாவது இருந்தால், அன்றைக்கே வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நட்டமில்லை. அந்த மூன்று நாளை வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து எண்ணுவார்கள். தகவல் மகனுடைய எண்ணுக்குப் போயிருக்கும்போது, எனக்குக் கிடைக்கவில்லை என்று நீங்கள் வாதாடுவது கடினம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

வேண்டாத சந்தாவை நிறுத்துவதில் பலரும் ஏமாறுகிறார்கள். போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிற்காது. எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ அந்த வழியாகவே வெளியே வர வேண்டும். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அதே யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். கூகுள் பிளே வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே சந்தாக்கள் பட்டியலில். அட்டை வழியாக என்றால் அந்த ஓடிடியின், அதாவது படம் காட்டும் இணையதளத்தின், கணக்குப் பக்கத்தில், அல்லது வங்கியின் இணையதளத்தில். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு பக்கம் என்று வைப்பதை நம் அரசே வஞ்சக வடிவமைப்பு என்று வகைப்படுத்தித் தடை செய்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்கள் இருக்கின்றன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. நீங்கள் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, இன்னும் இரண்டே நிமிடம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டணத்தை நீட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். தடை வந்தபின்பும் இவை ஒழியவில்லை என்பது போனைத் திறந்தால் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட பட்டியலுக்கு வருகிறேன். பெயர்கள் சொல்கிறேன், ஆனால் பெயரை மட்டும் நம்பி வீட்டில் சட்டம் போடாதீர்கள்.

அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் நம் வடசேரி கனகமூலம் சந்தை மாதிரி. சந்தையை நடத்துபவர் வேறு, தரையில் கத்திரிக்காயைக் குவித்து விற்பவர் வேறு. வெளிநாட்டு முதலீடு உள்ள இணைய வணிக நிறுவனம் இந்தியாவில் தன் சொந்தச் சரக்கை நேரடியாக மக்களுக்கு விற்கக்கூடாது, பிறர் விற்பதற்கு இடம் மட்டும் கொடுக்கலாம் என்பது அரசின் கொள்கை. ஆகவே அமேசானில் வாங்கினேன் என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் விற்பவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். 2020-இன் இணைய வணிக விதிகள்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவற்றைக் காட்டியாக வேண்டும். வாங்கும் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பெயரைத் தொட்டுப் பாருங்கள். ஒரே பிரஷர் குக்கரை நான்கு பேர் நான்கு விலைக்கு விற்பார்கள். குறைந்த விலைக்காரர் நேற்றுக் கடை போட்டவராக இருக்கலாம்.

குக்கர் என்று சும்மா சொல்லவில்லை. ஐஎஸ்ஐ தர முத்திரை கட்டாயமாக்கப்பட்ட பிறகும் முத்திரையில்லாத பிரஷர் குக்கர்கள் தங்கள் தளத்தில் விற்க இடம் கொடுத்ததற்காக, 2022 ஆகஸ்டில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அடுப்பில் வைக்கும் பொருள், மின்சாரத்தில் செருகும் பொருள் இரண்டுக்கும் முத்திரை பார்க்காமல் எந்தத் தளத்திலும் வாங்காதீர்கள்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். போன், மிக்ஸி, மின்விசிறி போன்றவற்றை இந்த இரண்டு தளங்களில் ஒன்றில் வாங்குவேன், அதற்கு முன் அந்தக் கம்பெனியின் பழுதுபார்க்கும் மையம் நாகர்கோவிலில் இருக்கிறதா என்று விசாரிப்பேன். இல்லையென்றால் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் முதல் பழுதிலேயே போய்விடும். துணிக்குக் கோ-ஆப்டெக்ஸின் இணையதளம். 1935-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம், கைத்தறி என்றால் அங்கே கைத்தறிதான். மதினிக்குப் பருத்திச் சேலை வேண்டுமானால் முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பதிப்பகத்தின் தளத்திலேயே வாங்குவேன். காலச்சுவடு நம் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. இங்கே போடும் புத்தகத்தை எங்கோ ஒரு கிடங்கு வரை அனுப்பி மறுபடி இங்கேயே வரவழைக்கும் பித்து எனக்கில்லை. உணவுப் பொருளுக்கு உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். அசல் மார்த்தாண்டம் தேன் என்று எவரெவரோ விளம்பரம் செய்கிறார்கள். மார்த்தாண்டத்தை ஒட்டிய குழித்துறையில் பிறந்தவர் வீட்டில் இருக்கும்போது நீங்கள் மார்த்தாண்டம் தேனை இணையத்தில் வாங்கினால் அது உங்களுக்கே அடுக்காது.

சமூக ஊடக விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் கடைகளுக்கு மட்டும் வீட்டில் தடை போடுங்கள். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். நேர்மையாகத் தொழில் செய்யும் பெண்கள் பலர் அப்படித்தான் சேலை விற்கிறார்கள். ஆனால் முகவரி, ஜிஎஸ்டி எண், திரும்பப் பெறும் விதி, குறைதீர்க்கும் அலுவலரின் பெயர் இவை எதுவும் இல்லாத பக்கத்தில், படம் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பணம் அனுப்பக்கூடாது.

மகன் சொல்வது பாதி சரி. பொருள் வரும்போது பணம் கொடுத்தால், பொருளே வராமல் போகும் ஏமாற்றிலிருந்து தப்பலாம். ஆனால் கூரியர் தம்பி பணத்தை வாங்கிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவார். உள்ளே கல் இருந்தாலும் நைலான் இருந்தாலும் அவருக்குச் சம்பந்தமில்லை. ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு உங்கள் வங்கியில் தடயமும் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் பயன்படுவதே, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பின்தொடர்ந்து முடக்க முடிகிறது என்பதால்தான். ரொக்கத்தை எங்கே போய் முடக்குவது? பெரிய தளத்தில் யுபிஐ வழியாகக் கட்டிவிடுங்கள். சில பொருள்களுக்கு வாசலிலேயே பிரித்துக் காட்டிக் கொடுக்கும் வசதி உண்டு. இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழக்கமில்லாத கடையிலிருந்து ரொக்கத்துக்கு வரவழைப்பதாக இருந்தால், இழந்தாலும் தூக்கம் கெடாத தொகையோடு நிறுத்துங்கள். நீங்கள் கேட்காத பார்சல் உங்கள் பெயரில் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி மருமகளிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் நேரத்தில்தான் பெரிய மோசடி காத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்ணும் மேலே வரும். அழைத்தால் தேனொழுகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அல்லது பணம் வர யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே உதவிப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து மட்டும் பேசுங்கள்.

சேலைக்கு வருவோம். முதலில் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிவது போல எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். பிறகு சேலை, பார்சல் உறை, அதில் ஒட்டியிருந்த சீட்டு, விளம்பரப் படம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அனுப்பியவர் பெயரும் முகவரியும் அந்தச் சீட்டில்தான் இருக்கும், உறையைக் குப்பையில் போட்டுவிடவில்லையே? விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்று இணைய வணிக விதி விற்பவரையே கட்டுகிறது. இதைக் காட்டி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரிய தளங்களில் வாங்கிய பொருளாக இருந்தால் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்தில் தீர்த்துவைக்க வேண்டும். விளம்பரக் கடைக்காரரின் முகவரியே பொய் என்று தெரியவந்தால், சைபர் குற்றப் பிரிவில் பதிந்துவிட்டு 899 ரூபாயை மறந்துவிடுங்கள்.

இதே தவறு நாளை 20,000 ரூபாய் டிவியில் நடந்தால் மறக்கத் தேவையில்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, விற்பவர் சூரத்தில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது நாகர்கோவிலில் உள்ள நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, என் பிழைப்பைக் கெடுக்கும் செய்தியாக இருந்தாலும் அதுதான் சட்டம்.

படம் பார்க்கும் விஷயம் எளிது. எல்லாப் படமும் இருக்கும் தளம் என்று ஒன்று இல்லை, இனி வரவும் வராது, ஏனென்றால் ஒவ்வொரு படத்தின் உரிமையையும் தனித்தனியாகத்தான் விற்கிறார்கள். ஐந்து சந்தாவை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது வீண். ஒரு மாதம் ஒன்று, சேர்ந்த அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட வேண்டும். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் ஓடும். அடுத்த மாதம் வேறொன்று. தினமும் தொடர் பார்ப்பவர்கள் இருந்தால் அந்தச் சேனலின் தளத்தை மட்டும் நிரந்தரமாக வைக்கலாம்: சன் டிவிக்குச் சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. மதினிக்கு மனோரமா மேக்ஸ் பிடிக்கும்; சன் நெக்ஸ்டிலும் மலையாளப் படங்கள் உண்டு. எதற்கும் பணம் கட்டுமுன் உங்கள் போன் ரீசார்ஜிலோ வீட்டு இணைய இணைப்பிலோ ஏதாவது ஓடிடி ஏற்கெனவே சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இலவசமாக வருவதற்கே இரண்டாம் முறை காசு கட்டும் வீடுகள் நிறைய.

அமேசான் பிரைமுக்கு ஆண்டுக்கு 1,499 ரூபாய். மாதம் மூன்று நான்கு பார்சல் வரும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகும், படத்துக்காக மட்டும் என்றால் யோசியுங்கள். 2025 ஜூன் முதல் நடுவில் விளம்பரமும் வருகிறது. நெட்ஃபிளிக்ஸின் அந்த 149 ரூபாய்த் திட்டம் டிவியில் ஓடாது, போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான். டிவிக்கு 199 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. மகன் மஸ்கட்டில் வைத்திருக்கும் நெட்ஃபிளிக்ஸ் கணக்கை இங்கே பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் கண்டிப்பு வந்துவிட்டது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளில் உங்களுக்கு ஆசை இருந்தால், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியை இறக்கிப் பாருங்கள்.

தெருவில் எந்தப் பையனாவது புதுப்படம் எல்லாம் இலவசம் என்று பிளே ஸ்டோரில் இல்லாத செயலியை உங்கள் டிவியிலோ போனிலோ ஏற்றிக் கொடுத்திருந்தால் இன்றே நீக்குங்கள். போனில் வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் செயலி, ஓடிபியையும் படிக்கும். வங்கிக் கணக்கில் உங்கள் எண்ணைப் பதிந்த பிறகு அந்த ஓடிபி உங்கள் போனில் அல்லவா வரப்போகிறது.

பேரப்பிள்ளைகளுக்கு: 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஓடிடி தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் யு, 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட வேண்டும்; 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதியும் தர வேண்டும். செயலியின் அமைப்புப் பகுதியில் பிள்ளைகளுக்குத் தனிச் சுயவிவரம் ஒன்றைத் தொடங்கி, பெரியவர்களுடையதற்கு நான்கு இலக்கப் பூட்டு எண் போடச் சொல்லுங்கள். அதை மருமகள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். எண்ணாக உங்கள் பிறந்த வருடத்தை வைக்க வேண்டாம். பிள்ளைகள் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பார்கள்.